ஜோத்பூர் வண்டியில் ஏழு இடம்

பொத்தேரியில் நான் நடத்திவந்த டிக்கெட் கடை மிகவும் சின்னது. ஒரு கம்ப்யூட்டர், ஒரு ஜெராக்ஸ் மெஷின், இரண்டு நாற்காலி போட்டால் நிறைந்துவிடும். பீகார், ஒடிசா, ராஜஸ்தான் என்று எங்கிருந்தோ வந்து ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிற பிள்ளைகள் செமஸ்டர் முடிந்ததும் என்னிடம் வருவார்கள். எந்த ஊருக்கு எந்த வண்டி, எங்கே இறங்கி எங்கே மாற வேண்டும், பிளேனில் போனால் எவ்வளவு நேரம் மிச்சம் என்பதையெல்லாம் திரையைப் பார்க்காமலே பாதி சொல்லிவிடுவேன். நான் சொல்வதை யாரும் மறுபடி சரிபார்த்ததில்லை.

என் தம்பி ஜோத்பூருக்கு முதல்முறை கிளம்பியபோதும் டிக்கெட் போட்டது நான்தான். ஐ.டி.ஐ. முடித்து, மாமல்லபுரத்தில் ஒரு ரிசார்ட்டில் எலக்ட்ரீஷியனாக இருந்தவன். ஜோத்பூரிலிருந்து இன்னும் மூன்று மணி நேரம் பாலைவனத்துக்குள் போனால், கண்ணுக்கெட்டிய தூரம்வரை சோலார் தகடுகள் பதித்த மின் நிலையம் இருக்கிறது. அங்கே வேலை கிடைத்துப் போனான். அப்போது அவனுக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம். பெண் மாமல்லபுரத்துக்குத் தெற்கே ஒரு மீனவர் குப்பத்தைச் சேர்ந்தவள். ரிசார்ட்டுக்கு மீன் கொடுக்க வந்த இடத்தில் பழக்கம். எங்கள் வீடு கருங்குழி, விவசாயக் குடும்பம். அம்மா ஆறு மாதம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்து, பிறகு ஒப்புக்கொண்டார். நான் வெளியே எதுவும் சொல்லவில்லை. அப்பா இறந்தபோது தம்பிக்கு எட்டு வயது. அம்மா வயல் வேலைக்குப் போய்விட, அவனைக் குளிப்பாட்டிப் பள்ளிக்கு அனுப்பியதெல்லாம் அக்காவான நான். அவன் எதையும் முதலில் என்னிடம்தான் சொல்வான். கல்யாணத்துக்குப் பிறகு அது மாறியதை நான் கவனித்தேன்.

மே மாதத்தில் ஒரு நாள் காலை பதினொரு மணி இருக்கும். தம்பியோடு வேலை பார்க்கிற மதுரைப் பக்கத்து ஆள் போன் செய்தார். முந்தின நாள் வெயிலில் கேபிள் வேலை பார்த்துக்கொண்டிருந்தவன் திடீரென்று சம்பந்தமில்லாமல் பேசினானாம். பிறகு விழுந்துவிட்டான். உடம்பு அடுப்பு மாதிரி கொதித்தது என்றார். ஆம்புலன்ஸில் ஜோத்பூர் கொண்டுபோய் ஐ.சி.யூ.வில் சேர்த்திருந்தார்கள். வீட்டிலிருந்து யாராவது உடனே வந்தால் நல்லது என்று அவர் சொன்ன விதத்திலேயே எனக்குப் புரிந்துவிட்டது.

மறுநாள் காலை சென்னையிலிருந்து மும்பை போய், அங்கே மாறி ஜோத்பூர் போகும் பிளேனில் எனக்கு ஒரு டிக்கெட் போட்டேன். அம்மாவால் மாடிப்படிகூட ஏற முடியாது, முழங்கால் தகராறு. தம்பி மனைவிக்கு எட்டு மாதம். வளைகாப்பு முடிந்து தாய்வீட்டில் இருந்தாள். போனில் சொல்லக்கூடிய விஷயம் இல்லை என்று செங்கல்பட்டு போய், திருக்கழுக்குன்றம் வழியாகப் போகிற மாமல்லபுரம் பஸ்ஸைப் பிடித்து, அங்கிருந்து ஷேர் ஆட்டோவில் குப்பத்துக்குப் போனேன்.

அவள் அழவில்லை. நான் சொல்லி முடித்ததும் உள்ளே போய் ஒரு பையில் புடவைகளை எடுத்து வைத்துக்கொண்டு வந்தாள். கர்ப்பிணிகளை அத்தனை மாதத்தில் டாக்டர் கடிதம் இல்லாமல் பிளேனில் ஏற்ற மாட்டார்கள் என்றேன். கடிதம் வாங்கலாம் வாங்க என்று அவளே என்னை அழைத்துக்கொண்டு கிளம்பினாள். மாமல்லபுரத்தில் அவளைப் பார்த்துவந்த டாக்டரம்மா பிரஷரைப் பார்த்துவிட்டு, காலில் விரலை வைத்து அழுத்திக் காட்டினார். அழுத்திய இடம் குழியாக நின்றது. கடிதம் தர முடியாது என்று சொல்லிவிட்டார்.

ஆஸ்பத்திரி வாசலில் அவளுடைய அண்ணன் நின்றிருந்தார். கார் எடுத்துக்கொண்டு மாற்றி மாற்றி ஓட்டினால் மூன்று நாளில் போய்விடலாம் என்றார். அந்த ரோட்டில், அந்த வெயிலில், இந்த வயிற்றோடு முடியாது என்று நான் மறுத்தேன். அது நியாயம்தான். பிறகு அவள் என்னைப் பார்த்தாள்.

"பிளேன்ல வுடமாட்டாங்க, சரி. ரயிலு கீதில்ல அண்ணி?"

இருந்தது. வாரத்துக்கு ஒரு வண்டி. மறுநாள் விட்டு அதற்கடுத்த நாள் செங்கல்பட்டிலேயே ஏறலாம். இரண்டு ராத்திரிப் பயணம். போனை எடுத்துப் பார்த்தேன். ஏ.சி. பெட்டியில் ஏழு இடம் காலி என்று பச்சை எழுத்தில் காட்டியது.

"ஃபுல்லுமா. வெயிட்டிங் லிஸ்ட்டுகூட மூடிட்டாங்க" என்றேன்.

அவள் போனை வாங்கிப் பார்க்கவில்லை. நான் அதைக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டேன். வழியில் வலி வந்துவிட்டால் யார் பார்ப்பது, பெரிய உயிரோடு சின்ன உயிருக்கும் ஆபத்து வந்துவிட்டால் அவள் வீட்டாருக்கு என்ன பதில் சொல்வது என்றெல்லாம் பஸ்ஸில் திரும்பும்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டு வந்தேன். அதெல்லாம் உண்மையான பயம்தான். ஆனால் அதற்கு அடியில் இன்னொன்று இருந்ததும் எனக்குத் தெரியும். அவன் கண் விழிக்கும்போது பக்கத்தில் நான் இருக்க வேண்டும் என்று விரும்பினேன்.

அவன் கண் விழிக்கவில்லை. ஜோத்பூரில் காலை எட்டு மணிக்கே தரை செருப்பைத் தாண்டிச் சுட்டது. ஆட்டோக்காரர்கள் தலையில் ஈரத்துணியைச் சுற்றியிருந்தார்கள். ஐ.சி.யூ.வுக்குள் ஒரு நாளைக்கு இரண்டு தடவை, ஐந்து நிமிஷம் விடுவார்கள். வாயில் குழாய், கழுத்தில் குழாய். சிறுநீரகம் வேலை செய்யாததால் டயாலிசிஸ் செய்தார்கள். டாக்டர் இந்தியில் சொன்னதை மதுரைக்காரர் எனக்குத் தமிழில் சொன்னார். மூளையையும் சூடு தாக்கியிருக்கிறது, எழுந்தால்தான் எவ்வளவு என்று தெரியும். அவன் கையைப் பிடித்துக்கொண்டு நான் பேசினேன். சின்ன வயதில் கூப்பிட்ட பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுப் பார்த்தேன். விரல்கூட அசையவில்லை.

நான் போய்ச் சேர்ந்த மூன்றாம் நாள் காலை, தம்பியின் மாமியார் போன் செய்தார்.

"பொண்ணு நேத்து சாயங்காலமே ரயிலு ஏறிட்சிமா. வேணாம்னு தலயால தண்ணி குடிச்சி பாத்துட்டேன், கேக்கல. அண்ணன் கூட வரேன்னான், அவன் வந்தா வூட்டுக்கு யாரு சம்பாரிக்கிறதுன்னு அதையும் தடுத்துட்டா. நீ டேசனுக்குப் போயி நில்லு."

எந்த ரயில் என்று நான் கேட்கவில்லை. அந்த ஊருக்கு வேறு ரயில் இல்லை.

அவள் எண்ணுக்கு அழைத்தேன். போன் அணைந்திருந்தது. அதற்குப் பிறகு ஒன்றரை நாள் நான் செய்ததெல்லாம் ஆஸ்பத்திரி நடையில் உட்கார்ந்து வண்டி எங்கே வருகிறது என்று போனில் பார்த்ததுதான். விஜயவாடாவைத் தாண்டியபோது ஒரு மணி நேரம் தாமதம். பிறகு மூன்று மணி நேரம். பிறகு ஐந்து. நடுவில் எங்கோ, பெயர்கூடக் கேள்விப்படாத ஒரு ஸ்டேஷனில் வண்டி நின்றது. வெகுநேரம் அசையவில்லை. அங்கே ஆஸ்பத்திரி இருக்கிறதா என்று தேடினேன். எத்தனையோ பிள்ளைகளுக்கு டிக்கெட் போட்டிருக்கிறேன், வண்டி புறப்பட்ட பிறகு அதற்குள் இருக்கிறவர்களை நினைத்துப் பார்த்ததே இல்லை. உள்ளே தம்பி ஒரு குழாயில் மூச்சு விட்டுக்கொண்டிருந்தான், வெளியே அவன் பிள்ளை தகிக்கும் வெயிலில் எங்கோ ஒரு தண்டவாளத்தில் நின்றுகொண்டிருந்தது. இரண்டு பேருக்கும் என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

வண்டி சாயங்காலம் வந்தது. முதலில் முக்காடு போட்ட நடுத்தர வயதுப் பெண் ஒருத்தி இறங்கி, உள்ளே கையை நீட்டி அவளை இறக்கினாள். செங்கல்பட்டில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கும் மார்வாடிக் குடும்பமாம். மேல் பெர்த் கிடைத்திருந்தவளுக்குத் தங்கள் கீழ் பெர்த்தைக் கொடுத்து, வழியெல்லாம் ரொட்டியும் மோரும் கொடுத்துக் கூட்டி வந்திருக்கிறார்கள். அவள் வெறுங்காலோடு நின்றாள். பாதம் வீங்கிச் செருப்பு நுழையவில்லை. அதைக் கையில் வைத்திருந்தாள்.

"உசுரு கீதா?" என்று கேட்டாள்.

"கீது."

ஆட்டோவில் ஏறி உட்கார்ந்தோம். என்னைப் பார்க்காமல், ரோட்டைப் பார்த்துச் சொன்னாள்.

"நீங்க பிளேன் ஏறின அன்னிக்கே நான் செங்கல்பட்டு கவுண்டருக்குப் போனேன் அண்ணி. நேத்திக்கு ஏழு எடம் இருந்துச்சி, இன்னிக்கு ரெண்டுதாம்மா கீதுன்னு அந்தாளு சொன்னாரு."

நான் வாயைத் திறந்தேன். அவள் கையை உயர்த்தினாள். வேண்டாம் என்கிற மாதிரியும் இருந்தது, அனல் காற்றுக்கு முகத்தை மறைத்துக்கொள்கிற மாதிரியும் இருந்தது. அதற்குப் பிறகு இன்றுவரை அதைப் பற்றி அவள் ஒரு வார்த்தை பேசியதில்லை.

தம்பி பிழைத்தான். சிறுநீரகம் மெல்ல மெல்லத் தேறியது. ஆனால் எழுந்தபோது பேச்சு குழறியது. நிற்க வைத்தால் குடித்தவன் மாதிரி சாய்ந்தான். குழந்தை இரண்டு வாரம் முந்திக்கொண்டு ஜோத்பூரிலேயே பிறந்தது. பெண் குழந்தை, எடை கொஞ்சம் குறைவு, மற்றபடி நலம். ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் ஒரு அறை எடுத்து இரண்டு மாதம் இருந்தோம். நான் சமைத்தேன், துணி துவைத்தேன், குழந்தையைக் குளிப்பாட்டினேன். அவள் எல்லாவற்றையும் மரியாதையாக ஏற்றுக்கொண்டாள். "சாப்ட்டீங்களா அண்ணி" என்று தினமும் கேட்பாள். அந்த மரியாதை எனக்குத் தாங்க முடியாததாக இருந்தது. ஊருக்குத் திரும்ப ரயிலில் கீழ் பெர்த்துகளாகப் பார்த்து டிக்கெட் போட உட்கார்ந்தேன். அவள் பக்கத்தில் வந்து நின்று, திரையில் இருப்பதைப் படித்துக்காட்டச் சொன்னாள். படித்துக்காட்டினேன்.

இப்போது அவர்கள் குப்பத்தில்தான் இருக்கிறார்கள். அவள் மாமல்லபுரத்தில் மீன் விற்கிறாள். தம்பி வீட்டில் குழந்தையைப் பார்த்துக்கொண்டு, யாராவது கொண்டுவந்து கொடுக்கிற ஃபேன், மிக்ஸியைப் பழுது பார்க்கிறான். கை நடுங்குவதால் ஒரு ஸ்குரூவை முடுக்க வெகுநேரம் ஆகிறது. இதற்கு மேல் முன்னேற்றம் இருக்காது என்று சென்னையில் டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை போயிருந்தேன். அவள் மீன் கூடையோடு வெளியே போயிருந்தாள். தம்பியிடம் எல்லாவற்றையும் சொன்னேன், பச்சை எழுத்தில் பார்த்த ஏழு இடத்தையும், நான் சொன்ன பொய்யையும், ஏன் சொன்னேன் என்பதையும். அவன் கையிலிருந்த ஸ்குரூ டிரைவரைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தான். வார்த்தைகளைக் கூட்டிச் சேர்க்க அவனுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"அவளுக்கு இது தெரியுமாக்கா?"

"அப்பவே தெரியும்."

"இத்தினி நாளா எங்கிட்ட சொல்லாம கீறா பாரு" என்றான். அவன் முகத்தில் இருந்தது அவளைப் பற்றிய யோசனை மட்டும்தான். "சொல்ல வேணாம்னு அவ நெனச்சிருக்கா. நீ இன்னாத்துக்குச் சொன்ன?"

குழந்தை தூங்கி எழுந்து அழுதது. அவன் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து உள்ளே போனான். உதவிக்கு எழுந்த என்னை உட்காரச் சொல்லிக் கையைக் காட்டிவிட்டுப் போனான்.