சிஸ்டர் குடிக்காத தண்ணீர்

வார்டில் இரண்டே செவிலியர்கள் இருக்கும்போது அவர்களில் ஒருத்தி எப்போது தண்ணீர் குடிப்பது? நர்சிங் படிப்பில் இதற்கு யாரும் பதில் சொல்லித்தரவில்லை. வேலைக்கு வந்து, கல்யாணமாகி, பிள்ளை பெற்ற பிறகும் எனக்குத் தெரியவில்லை.

இதை நினைக்கும்போதெல்லாம் எங்கள் இன்சார்ஜ் சிஸ்டரின் எவர்சில்வர் பாட்டில்தான் கண்ணில் நிற்கிறது. பரவையிலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்து வருகிறவர். பாட்டிலை நிரப்பிக் கொண்டுவந்து அலமாரியின் மேல் வைப்பார். பகல் டூட்டி முடிந்ததும், கனம் குறையாத அந்தப் பாட்டிலை ஆஸ்பத்திரி வாசலில் நிற்கும் செம்பருத்திச் செடிக்குக் கவிழ்த்துவிட்டு வீட்டுக்குப் போவார். நான் சேர்ந்த அன்று அவர் எனக்குச் சொன்ன முதல் விஷயம், "காலைல காப்பியோட நிறுத்திக்க. டூட்டி முடியிற வரைக்கும் எங்கிட்டும் நகர முடியாது" என்பதுதான். எங்களுக்கான கழிப்பறை கீழ்த்தளத்தில் இருந்தது. ஒருத்தி இறங்கிப் போனால் மற்றவள் வார்டில் தனியாக நிற்க வேண்டும். அந்த நேரம் பார்த்துத்தான் யாருக்காவது மூச்சு வாங்கும். அதனால் குடிக்காமலிருப்பது எங்களிடையே சொல்லாமலே நடந்த ஏற்பாடாக இருந்தது.

இத்தனைக்கும் ஒவ்வொரு நோயாளியும் எவ்வளவு குடித்தார், எவ்வளவு சிறுநீர் கழித்தார் என்று அளந்து எழுதுவது எங்கள் அன்றாட வேலை. அதில் சிஸ்டர் ஒரு சொட்டு விடமாட்டார். மேலூரிலிருந்து வந்து படுத்திருந்த ஒரு பெரியவர் ஒருநாள் பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டார்: "தண்ணி, தண்ணின்னு என் உசுர எடுக்குறியே தாயி, நீ ஒரு மடக்கு குடிச்சு நான் பாக்கலயே?"

"நான் அங்கிட்டுப் போனா, நீங்க ஊசிக்குப் பயந்து மேலூர் பஸ் ஏறிருவீங்கய்யா" என்றார் சிஸ்டர். வார்டே சிரித்தது. நானும் சிரித்தேன்.

நான் உண்டாகியிருந்தபோது எனக்குச் சிறுநீர்த் தொற்று வந்தது. டாக்டர் கடிந்துகொண்டார். அதன் பிறகு சிஸ்டர் என்னை விரட்டி விரட்டி அனுப்புவார். "குடிச்சிட்டுப் போய்ட்டு வாடி. நான் நிக்கிறேன்ல." நான் படியிறங்கி, மெதுவாக மேலேறி வரும்வரை என் கட்டில்களையும் சேர்த்து அவரே பார்த்துக்கொள்வார். நான் போய்வந்த ஒவ்வொரு முறையும் அவர் போகாமல் நின்றார் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை. அவருக்கும் எரிச்சலும் குளிர்காய்ச்சலும் வந்து வந்து போயிருக்கின்றன. மாத்திரையின் பேர் தெரிந்த நமக்கு டாக்டர் எதற்கு என்று தானே வாங்கிப் போட்டு, காய்ச்சல் விட்டதும் நிறுத்தியிருக்கிறார். எங்கள் தொழிலில் இருப்பவர்கள் செய்கிற தப்பு இது.

ஒருநாள் காலை, இரவு டூட்டிக்காரர்களிடமிருந்து வார்டை வாங்கிக்கொள்ளும்போது, பேசிக்கொண்டிருந்தவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். கை கால் உதறியது. எங்கள் வார்டிலேயே படுக்க வைத்தோம். கிருமி சிறுநீரகம் வரை ஏறியிருந்தது. அவருடைய சிறுநீரை அளக்கப் போன புதுப்பெண்ணிடம், "கம்மியா இருக்குன்னு எழுதிராதடி, டாக்டர் வைவாரு" என்றாராம். எங்களைச் சிரிக்க வைக்கத்தான் சொன்னார் என்று நினைக்கிறேன். பிழைத்து எழுந்தார். ஆனால் சிறுநீரகம் பழையபடி ஆகவில்லை. இனி நின்று பார்க்கிற வேலை கூடாது என்று சொல்லிவிட்டார்கள்.

இப்போது நான் பிரசவ விடுப்பில் இருக்கிறேன். என் மகளுக்கு எட்டு மாதம். பால் குடிக்கிற பிள்ளை. போன வாரம் சிஸ்டர் போன் செய்தார். "மேட்ரன் என் இடத்துக்கு ஆள் கேட்டாங்க. உன் பேரச் சொல்லிட்டேன்."

"அக்கா, பிள்ள இன்னும்..."

"நாங்கல்லாம் பிள்ளய கடையிலயா வாங்கிட்டு வந்தோம்? வந்து சேரு. நீ இல்லாட்டி அந்தப் புதுப்பிள்ளைக ரெண்டும் முழிக்கும்."

கே.கே. நகர் வீட்டில் இரவுச் சாப்பாட்டின்போது என் பயத்தைச் சொன்னேன். என் கணவர் கேட்டார்: "தண்ணி குடிக்க முடியலன்னா ஒருத்தி வேலைய விடுவா?" கேலியாகக் கேட்கவில்லை. வாய்விட்டுச் சொன்னதும் எனக்கே அது அற்பமாகத்தான் பட்டது. ஆனால் தண்ணீர் குறைந்தால் எனக்கு முதலில் உடம்பு சோர்ந்துவிடுகிறது. பால் கொடுக்கவோ பீய்ச்சவோ நகர முடியாமல் நின்றால் மார்பு கனத்துப் பால் கட்டிக்கொள்ளும், காய்ச்சல் வரும். அப்போது நானும் ஒரு மாத்திரையைப் போட்டுக்கொண்டு டூட்டிக்கு நிற்பேன். என்னை எனக்குத் தெரியும்.

இன்சார்ஜ் ஆனால் எல்லோரும் முறைவைத்துப் போய்வரும்படி மாற்றலாமே என்றும் தோன்றுகிறது. உடனே இன்னொன்றும் தோன்றுகிறது: அவர்களை அனுப்பிவிட்டு வார்டில் நிற்கப்போவது யார்? சிஸ்டரும் இப்படித்தான், எங்களை அனுப்பி அனுப்பியே, போகாதவராக ஆனார். அவர் கூப்பிடும்போது மாட்டேன் என்றால் நன்றி கெட்டவளாகிவிடுவேனோ? சரி என்றால் மகளுக்குத் துரோகமோ?

திங்கட்கிழமை மேட்ரனுக்குப் பதில் சொல்ல வேண்டும். இதைப் படிப்பவர்களில் செவிலியர்கள் இருந்தால், ஆள் குறைவான வார்டை நடத்துகிறவர்கள் இருந்தால், எனக்கு எழுதுங்கள். மற்றவர்களை அனுப்புகிறவளும் போய்வரும்படி எங்காவது நடக்கிறதா? அதற்காக நிர்வாகத்திடம் என்ன கேட்டீர்கள், எப்படிக் கேட்டீர்கள்? 'உடம்பைப் பார்த்துக்கொள்' என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். அதை நான் தினமும் எல்லாக் கட்டிலிலும் சொல்லிக்கொண்டிருந்தவள்தான்.