சம்பந்தி விருந்தில் கரண்டி பிடித்த கைகள்

சென்ற ஆண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை நண்பகல். சிங்கப்பூரின் சுவா சூ காங்கில் எங்கள் அடுக்குமாடி புளோக்கின் திறந்த கீழ்த்தளத்தில் எண்பது பேருக்குச் சாப்பாடும் தொண்ணூறு நாற்காலிகளும் தயாராக இருந்தன. பத்து நாற்காலி உபரி. எதிலும் கொஞ்சம் உபரி வைக்காவிட்டால் எனக்குத் தூக்கம் வராது.

அன்று காலையில்தான் என் சம்பந்திக்குக் கருமாதி முடிந்திருந்தது. என் மகளை அவர் மகனுக்குக் கொடுத்திருக்கிறேன். அவர் கை அறுவை சிகிச்சை நிபுணர். இயந்திரத்தில் சிக்கி அறுந்து வரும் விரல்களை, நுண்ணோக்கி வழியாகப் பார்த்து, நரம்போடு நரம்பு சேர்த்துத் தைத்தவர். நானோ காப்புறுதி அலுவலகத்தில் இருந்தவன். கட்டைவிரல் போனால் எவ்வளவு, சுண்டுவிரல் போனால் எவ்வளவு என்று இழப்பீடு கணக்கிட்டே ஓய்வு பெற்றேன். "நான் ஒழுங்கா தைச்சா உங்க ஆபீசுக்குத்தான் லாபம், சம்பந்தி. என் கமிஷன் எங்க?" என்று கேட்டுச் சிரிப்பார்.

எங்கள் பேரப்பிள்ளைகளுக்கு நான் கணக்குத் தாத்தா, அவர் டாக்டர் தாத்தா. ஒருமுறை பேத்தியின் கரடி பொம்மைக்குக் கை பிய்ந்துவிட்டது. பகல் முழுக்க அறுவைக்கூடத்தில் நின்றுவிட்டு வந்த மனிதர், உடைகூட மாற்றாமல் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து அதைத் தைத்தார். "ஒரு வாரத்துக்குத் தண்ணி படக்கூடாது. தினமும் கைய மடக்கி நீட்டணும், சரியா?" என்று கரடியிடமே சொன்னார். பேத்தி ஒரு வாரமும் கரடிக்குப் பயிற்சி கொடுத்தாள். அந்தக் கை இன்னும் பிரியவில்லை.

கருமாதி முடிந்ததும் சம்பந்தி வீட்டார் கறிச்சோறு போட்டுத் துக்கத்தை முடித்து வைப்பது எங்கள் பக்கத்து முறை. சம்பந்தியே கரண்டி பிடித்துப் பரிமாற வேண்டும். அந்த விருந்தில் ஒருவர் பசியோடு திரும்பினாலும் பழி சம்பந்திக்குத்தான். அதனால் பதினைந்து நாளாகப் பட்டியல் போட்டு, அடித்து, திருத்தி, எண்பதுக்கு வந்திருந்தேன்.

ஆனால் பத்திரிகையில் வந்த கருமாதி அறிவிப்பை எழுதியதும் நானே. வெறும் செய்தியாக இருக்கக் கூடாதென்று, 'அன்னாரை அறிந்த அனைவரும் சம்பந்தி விருந்தில் கலந்துகொள்ள வேண்டுகிறோம்' என்று முடித்திருந்தேன். நம் வழக்கம் அதுதானே? 'அனைவரும்' என்று எழுதுவோம், யாரும் அப்படியே எடுத்துக்கொள்ள மாட்டார்கள். அதுவும் அவர் வீடு உண்டு, மருத்துவமனை உண்டு என்று இருந்தவர். சொந்தம் போக, வரக்கூடியவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம் என்றே நினைத்தேன்.

இலை போடும் நேரத்தில் பேருந்து நிறுத்தத்திலிருந்து ஆண்கள் கூட்டமாக நடந்து வந்தார்கள். பின்னாலேயே ஒரு லாரி வந்து நின்றது. அது நிறைய ஆட்கள். துவாஸ் தொழிற்பேட்டைப் பக்கத்துத் தொழிலாளர் விடுதிகளில் இருப்பவர்களாம். யாரோ என் அறிவிப்பைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் போட, அது விடுதி விடுதியாகப் போயிருக்கிறது. எண்ணத் தொடங்கினேன். நூற்று முப்பதைத் தாண்டியதும் எண்ணுவதை நிறுத்தினேன். அப்போதும் ஆள் வந்துகொண்டிருந்தது.

சம்பந்தியம்மாளிடம் ஓடினேன். "தப்பு பண்ணிட்டேன், சம்பந்தி. எண்பது பேருக்குத்தான் சொல்லியிருக்கேன்."

பதினாறு நாளாகத் தலை நிமிராதவர் எழுந்து வந்து கூட்டத்தைப் பார்த்தார். "கல்யாணம் ஆன நாள்லேருந்து சாப்பாட்டுக்கு லேட்டாத்தான் வருவாரு. எங்க போயிருந்தாருன்னு இப்பதான் கண்ணுல பாக்குறேன்" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "ஒருத்தரையும் சாப்பிடாம அனுப்பிடாதீங்க" என்றார்.

லாரியில் வந்த சூப்பர்வைசர் என் முகத்தைப் பார்த்தே விஷயத்தைப் புரிந்துகொண்டார். "சோறு பத்தலையா ஐயா? இதுக்கா முழிக்கிறீங்க? லாரி சும்மாதானே நிக்குது. தேக்காவுல இன்னிக்கு எல்லாச் சாப்பாட்டுக் கடையிலயும் அடுப்பு எரியும்லா!" என் மருமகனை ஏற்றிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

இருப்பதை வைத்து முதல் பந்தியை உட்கார வைத்தோம். நான் சோற்றுக் கரண்டியைப் பிடித்தேன். ஒரு வரிசை முடிவதற்குள் நின்று மணிக்கட்டை நீவிக்கொண்டேன். பக்கத்தில் நின்ற ஒருவர் கை நீட்டினார்.

"குடுங்க ஐயா."

"வேணாம் தம்பி. சம்பந்திதான் பரிமாறணும். அதான் முறை."

அவர் தன் வலது கையைத் திருப்பிக் காட்டினார். மணிக்கட்டைச் சுற்றி வளையல்போல ஒரு தழும்பு. "இந்தக் கை தனியா ஐஸ் பெட்டியில வந்துச்சு, ஐயா. ஒட்ட வச்சது டாக்டரு. அப்ப இது அவரு வீட்டுக் கைதானே? நானும் ஒரு வகையில சம்பந்திதான்."

"பொண்ணு குடுக்காமலே சம்பந்தி ஆயிட்டான்டா இவன்!" என்று வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. பந்தியே சிரித்தது. துக்க வீடு என்பதை மறந்து நானும் சிரித்துவிட்டேன். கரண்டியைக் கொடுத்தேன்.

அவ்வளவுதான். குழம்பு வாளியை ஒரு கை தூக்கியது. ரசத்தை இன்னொரு கை எடுத்தது. வளைந்த விரல், நுனி குட்டையான விரல், முழுதாக மடங்காத விரல். நான் கோப்பில் மட்டுமே பார்த்துக் கையெழுத்திட்ட விரல்கள் எல்லாம் அன்று என் கண் முன்னால் ஒரு பருக்கை சிந்தாமல் பரிமாறின. மாடியிலிருந்த சீனக் குடும்பத்தார் கேட்காமலே நாற்காலிகளை இறக்கினார்கள். பேத்தி கரடியைக் கொண்டுவந்து அதன் தையலைக் காட்ட, ஆளாளுக்குத் தங்கள் தையலோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். "எனக்குப் போட்டத விட இதுக்குத்தான் நல்லா போட்டிருக்காரு" என்று ஒருவர் குறைபட்டுக்கொண்டார்.

லாரி திரும்பி வந்தபோது கீழ்த்தளமே கைதட்டியது. நாலு கடைச் சோறு, நாலு விதக் குழம்பு. எது எந்தக் கடையுடையது என்று யாரும் கேட்கவில்லை. சம்பந்தியம்மாள் பதினாறு நாளில் முதல்முறையாக வயிறாரச் சாப்பிட்டார்.

கடைசிப் பந்தி முடிந்தபோது நான் இலைகளை எண்ணப் போனேன். எனக்கு முன்பே ஒருவர் எண்ணிக்கொண்டிருந்தார். கட்டைவிரலால் மற்ற விரல்களின் கணுக்களைத் தொட்டுத் தொட்டு, நம் ஊர் வழக்கப்படி. அந்தக் கட்டைவிரலின் அடியில் வெள்ளையாக ஒரு தையல் வட்டம். "இருநூத்திப் பதினாறு, ஐயா. ஒருத்தரும் பசியோட போகல" என்றார்.

அவர் சொன்னதை நான் மறுபடி எண்ணிச் சரிபார்க்கவில்லை. வாழ்நாள் முழுக்க எண்ணியே வாழ்ந்த எனக்கு, எண்ணுவதற்கும் முதலில் விரல் வேண்டும் என்பது அன்றுதான் உறைத்தது. அந்த விரல்களைத் திருப்பிக் கொடுத்தவரின் சம்பந்தி நான் என்று நினைக்கும்போது இன்றும் என் நெஞ்சு நிமிர்கிறது.