கடைசி வரிசையில் ஒரே ஒரு இடம்

நான் பயந்த சுபாவம். இதை மறைத்து எனக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. எண்ணூருக்கு வாழ்க்கைப்பட்டு வந்த நாள்முதல், காலையில் வாசல் பெருக்கும்போதே தெருமுனைக் கட்சிக் கொடிகளைப் பார்த்துவிடுவேன். மூன்று கட்சிக்கு மூன்று கம்பம். மேடையில் ஒருவரை ஒருவர் எப்படித் திட்டிக்கொண்டாலும், காற்றடித்தால் மூன்றும் ஒரே பக்கம்தான் சாயும். கடலைப் பார்த்துப் பறந்தால் அன்றைய பொழுது நிம்மதி. எங்கள் வீட்டைப் பார்த்துப் பறந்தால், தொழிற்சாலைப் பக்கத்துக் காற்று எங்களுக்கு வருகிறது என்று கணக்கு. அன்றைக்குச் சோறு வடிக்கிற வாசனைகூட எனக்குச் சந்தேகமாக இருக்கும்.

"அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்" என்பார் என் வீட்டுக்காரர். அவர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறார். உயரத்தில் கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து கன்டெய்னர் பெட்டிமேல் பெட்டி அடுக்குகிறவருக்குத் தரையில் நிற்பவளின் பயம் எப்படித் தெரியும்?

ஆனால் அந்த வருஷம் அவருக்கும் பயம் வந்துவிட்டது. காரணம் அத்தை, அதாவது அவருடைய அம்மா. அத்தைக்கு நுரையீரல் பாதிக்குமேல் போய்விட்டது. கட்டில் பக்கத்தில் ஆக்ஸிஜன் மிஷின் நாள் முழுக்க ஓடிக்கொண்டிருக்கும். கரண்ட் போனால் சிலிண்டர். நடை அறவே இல்லை, வீல்சேர்தான். ஒரு நாள் பகலில் எங்கிருந்தோ கண்ணைக் கரிக்கிற நாற்றம் வந்து தெருவே ஓடியபோது, ஒரு ஆட்டோவும் நிற்கவில்லை. மீன் ஏற்றும் குட்டியானை வண்டியில், ஐஸ் பெட்டிகளுக்கு நடுவே அத்தையைக் கிடத்திக்கொண்டு போனோம். ராயபுரத்தில் என் அம்மா வீட்டு வாசலில் இறக்கும்போது அத்தையின் உதடு நீலமாக இருந்தது. அது ஐஸால் வந்த நீலமா, மூச்சில்லாமல் வந்ததா என்று யாருக்கும் தெரியவில்லை. அன்றைக்குத்தான் என் வீட்டுக்காரர், "கார் வாங்கிர்லாம்மே" என்றார்.

எந்தக் கார் என்பதில் அவருக்குக் குழப்பமே இல்லை. எலக்ட்ரிக். பெட்ரோல் புகை பட்டால் அத்தைக்கு இருமல் நிற்காது. எலக்ட்ரிக் காரில் புகை இல்லை. அதைவிடப் பெரிய விஷயம், கார் பேட்டரியிலிருந்தே கரண்ட் எடுத்து ஆக்ஸிஜன் மிஷினை ஓட்டலாமாம். பெரிய வண்டி, ஏழு பேர் உட்காரலாம். நாங்கள் ஆறு பேர்தான்: அவர், நான், அத்தை, இரண்டு பெண்கள், அவருடைய அக்கா. "ஒரு சீட்டு மிச்சம் கீது பாரு" என்று விரல் விட்டு எண்ணிக் காட்டினார். எனக்குக் கேட்க நிறைய இருந்தது. மழைக்குத் தெருவில் இடுப்பளவு தண்ணீர் நிற்குமே, சார்ஜ் எங்கே போடுவது? ஓடுகிறபோது பாதி வழியில் தீர்ந்துபோனால்? அவர் சிரித்தார். "பயப்படணும்னே எதுனா கண்டுபுடிப்பியா நீ?"

அவருடைய அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். நான் அண்ணி என்றுதான் கூப்பிடுவேன். கல்யாணம் வேண்டாம் என்று இருந்துவிட்டவர். காலையில் பள்ளிக்கூடத்துச் சத்துணவுக் கூடத்தில் சமையல், மற்ற பொழுதெல்லாம் அத்தை. குளிப்பாட்டுவது, புரட்டிப் படுக்கவைப்பது, மூக்குக் குழாயைத் துடைத்து மாட்டுவது எல்லாம் அவர்தான். நல்ல ஆகிருதி. அத்தையை ஒரே கையால் தூக்கி வீல்சேரில் வைத்துவிடுவார். அந்த வீட்டில் நான் பயப்படாமல் தூங்கியதெல்லாம் அண்ணி வீட்டில் இருந்த தைரியத்தில்தான்.

ஷோரூமில் உட்கார்ந்து பார்த்தபோது எல்லாம் சரியாக இருந்தது. அத்தையும் வீல்சேரும் இல்லாமல் போனால் எது சரியாக இருக்காது? நான்தான் பிடிவாதமாக, வண்டியை வீட்டுக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள், எல்லாவற்றையும் ஏற்றிப் பார்த்துவிடலாம் என்றேன். ஷோரூம் பையன் என் வீட்டுக்காரரின் தோஸ்துக்கு உறவு. ஒரு ஞாயிற்றுக்கிழமை, நாங்கள் பூசை முடிந்து வந்த நேரம், வெள்ளை வண்டியை வாசலில் நிறுத்திவிட்டு, சாயங்காலம் வந்து எடுத்துக்கொள்கிறேன் என்று போய்விட்டான்.

தெருவே வேடிக்கை பார்க்க, குடும்பத்தை வண்டியில் அடுக்கினோம். முன்னால் இவரும் நானும். நடுவரிசையில் மூன்று இடம். அத்தையால் நிமிர்ந்து உட்கார முடியாது, சாய்ந்து காலை நீட்டினால் இரண்டு இடம் போய்விட்டது. மூன்றாவதில் பெரியவள், அத்தையின் தலையைத் தாங்கிக்கொண்டு. கடைசி வரிசையில் இரண்டு சின்ன சீட். அங்கேதான் சிக்கல். அந்த சீட்டுகளை நிமிர்த்தி வைத்தால் டிக்கி என்று ஒன்று இல்லவே இல்லை, இரண்டு பள்ளிக்கூடப் பையை வைக்கலாம். வீல்சேர் ஏறாது, சிலிண்டர் ஏறாது. மிஷினுக்குக் கரண்ட் எடுக்கும் ஒயரோ தனியாக வாங்க வேண்டுமாம், அது அன்றைக்கு வண்டியில் இல்லை. ஆகவே சிலிண்டர் இல்லாமல் முடியாது.

இவர் கிரேன் ஆள் அல்லவா, விடுவாரா? "எடம் இல்லாம இல்ல. வெக்கத் தெரியணும்" என்று கடைசி வரிசையில் ஒரு சீட்டை மட்டும் மடக்கினார். வீல்சேரை மடித்துப் படுக்கவைத்து, அதன் சக்கரத்துக்கு நடுவில் சிலிண்டரைச் செருகி, பெல்ட் போட்டு இறுக்கினார். பெட்டி அடுக்கிப் பழகிய கை, ஒரு இஞ்ச் வீணாகவில்லை. கடைசி வரிசையில் இன்னும் ஒரே ஒரு இடம் இருந்தது. வெளியே இரண்டு பேர் நின்றார்கள், என் சின்ன மகளும் அண்ணியும்.

அண்ணி ஒரு காலை உள்ளே வைத்துப் பார்த்தார். முட்டி இடித்தது. காலை எடுத்துக்கொண்டு, "இத்துல கொயந்தைங்கதான் குந்த முடியும். அவ குந்தட்டும். நான் ஸ்கூட்டில பின்னாடியே வந்துகினு இருப்பேன்" என்றார்.

இவர் டிக்கிக் கதவைத் தட்டிச் சாத்தி, "கரெக்டா செட் ஆயிடுச்சு" என்றார். எல்லாம் உள்ளே அடங்கிவிட்டது என்ற நிம்மதி எனக்கும் இருந்தது.

சாப்பிட்டு முடித்து, ஏற்றினதை இறக்கச் சோம்பல்பட்டு அப்படியே விட்டிருந்தோம். அத்தையை மட்டும் கட்டிலுக்குக் கொண்டுவந்திருந்தோம். நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். முதலில் தொண்டையில்தான் தெரிந்தது. பச்சை மிளகாயை எண்ணெயில் போட்ட மாதிரி ஒரு காறல். பக்கத்து வீட்டில் ஏதோ தாளிக்கிறார்கள் என்றுதான் நினைத்தேன். பிறகு கண் எரிந்தது. வாசலுக்கு ஓடிப் பார்த்தேன். மூன்று கொடியும் விறைப்பாக எங்கள் வீட்டைப் பார்த்து நின்றன.

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை என்று சொல்லத்தான் ஆசை. உண்மையில் இரண்டும் கண்டபடி ஓடின. ஆதார் அட்டை, அத்தையின் ஸ்கேன், ரேஷன் அட்டை, மாத்திரை, சார்ஜில் கிடந்த எல்லோருடைய போன் என்று கைக்கு அகப்பட்டதையெல்லாம் ஒரு பையில் திணித்தேன். தெருவில் கதவுகள் அடித்துச் சாத்தும் சத்தமும் குழந்தைகள் இருமும் சத்தமும். அண்ணி துண்டுகளை நனைத்து ஆளுக்கு ஒன்றாக முகத்தில் போட்டார். அத்தையை மிஷினிலிருந்து கழற்றி, தூக்கிவந்து நடுசீட்டில் சாய்த்தார். மத்தியானம் ஒத்திகை பார்த்தது நல்லதாகப் போயிற்று, அவரவர் அவரவர் இடத்தில் ஏறினோம். "அடுப்பு அணைச்சிட்டு, வூட்ட பூட்டிகினு வரேன். நீங்க போங்க" என்றார் அண்ணி. இவர் வண்டியை எடுத்தார்.

நெடுஞ்சாலைக்கு வந்ததும் நின்றுவிட்டோம். துறைமுகத்துக்குப் போகும் டிரெய்லர் வரிசை ஒரு பக்கம், ஊரைவிட்டு ஓடுகிறவர்கள் மறுபக்கம். ஞாயிற்றுக்கிழமை என்று பெட்டிகளுக்குத் தெரியுமா? முன்னால் ஒரு டிரெய்லர், பக்கத்தில் ஒன்று, பின்னால் வேன்.

அப்போதுதான் அந்த வண்டியின் அமைதி எனக்குத் தெரிந்தது. வேறு காராக இருந்தால் இன்ஜின் உறுமிக்கொண்டிருக்கும். இது நின்றால் செத்தது மாதிரி நிற்கிறது. கண்ணாடியெல்லாம் ஏற்றியிருந்தது. உள்ளே கேட்டது ஒரே ஒரு சத்தம், அத்தை மூச்சு இழுக்கும் சத்தம். இழுப்பது கேட்கும். பிறகு ஒன்றும் கேட்காது. அடுத்தது வருமா என்று நாங்கள் அத்தனை பேரும் எங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருப்போம். வரும். ஒவ்வொரு தடவையும் இடைவெளி கொஞ்சம் கூடியது. ஏறின அவசரத்தில் சிலிண்டரைத் திறந்து மாட்ட யாருக்கும் தோன்றவில்லை.

"சிலிண்டர தொறங்கமே" என்றார் இவர். சின்னவள் பின்னால் திரும்பி, பெல்ட்டைத் தளர்த்தி, குழாயைப் பெரியவளிடம் கொடுத்தாள். பிறகு, "இத எப்டிம்மா தொறக்கறது?" என்றாள்.

சிலிண்டரின் தலையில் திருகு கிடையாது, ஒரு சின்னக் கட்டை மட்டும் நீட்டிக்கொண்டிருக்கும். அதைத் திருப்ப ஒரு சாவி வேண்டும். அந்தச் சாவியை அண்ணி முந்தானை முனையில் முடிந்து இடுப்பில் செருகியிருப்பார். கரண்ட் போனால் இருட்டில் தேடக் கூடாது என்று இத்தனை வருஷமும் அப்படித்தான். வீல்சேரை ஏற்றினோம், சிலிண்டரை ஏற்றினோம், ரேஷன் அட்டையை ஏற்றினோம். சாவி இடுப்பில் இருந்த மனுஷியை மட்டும் ஏற்றவில்லை.

சின்னவள் விரலால் திருகினாள், துப்பட்டாவைச் சுற்றித் திருகினாள், கை தோல் உரிந்தது. இவர் இறங்கி ஓடி டிக்கியில் ஸ்பானர் தேடினார். புது மாடல் வண்டி, ஸ்டெப்னியே கிடையாது, பஞ்சருக்கு ஒரு டப்பா பசைதான் இருந்தது. பக்கத்து டிரெய்லர் டிரைவரைக் கேட்கலாம் என்றால் அவர் வண்டியை அப்படியே விட்டுவிட்டு ஓடியிருந்தார். "அக்காக்கு போன் போடு" என்று கத்தினார். போட்டேன். மணி அடித்தது. என் மடியில் அடித்தது. நான் பையில் அள்ளிப் போட்ட போன்களில் அண்ணியுடையதும் ஒன்று.

அத்தை கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையைத் தாங்க முடியாமல்தான் கதவைத் திறந்து இறங்கினேன், தைரியத்தில் இல்லை. வந்த வழியே ஓடினேன். எல்லோரும் என்னைத் தாண்டி எதிர்ப்பக்கம் ஓடினார்கள். "எங்கம்மா போற, அந்தாண்ட போவாத" என்று யாரோ கையைப் பிடித்தார்கள், உதறினேன். கண்ணில் நீர் வழிந்து ஒன்றும் சரியாகத் தெரியவில்லை. ஒரு டிரெய்லர் திரும்பப் பார்த்து முடியாமல் சாலையின் குறுக்கே நின்றிருந்தது. அதன் பின்னால் பைக்குகளும் ஸ்கூட்டிகளும் அடைந்து கிடந்தன. முகத்தில் ஈரத்துண்டோடு அண்ணி அந்தக் கும்பலின் நடுவில் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார்.

"அண்ணி, சாவி" என்றேன். அவர் என்னைப் பார்த்தார், இடுப்பைத் தொட்டுப் பார்த்தார். ஸ்கூட்டியை அப்படியே கீழே போட்டுவிட்டு, டிரெய்லருக்கு அடியில் குனிந்து நுழைந்து ஓடினார். அந்த உடம்பு அப்படி ஓடி நான் பார்த்ததில்லை. நான் பின்னால் வந்து சேர்வதற்குள் சிலிண்டரைத் திறந்து, குழாயை மாட்டி, அத்தையின் நெஞ்சைத் தடவிக்கொண்டிருந்தார். வண்டிக்குள் சிலிண்டரோடு இருக்கும் தண்ணீர்ப் புட்டி குபுகுபு என்றது. அத்தை இழுத்தார். விட்டார். மறுபடியும் இழுத்தார். பெரியவள் அப்போதுதான் அழ ஆரம்பித்தாள்.

இவர் வீல்சேரைத் தூக்கி வெளியே எடுத்து, சாலை நடுவில் இருந்த சுவர்மேல் சாய்த்தார். மடக்கின சீட்டின் நாடாவை இழுத்தார். அது சட்டென்று நிமிர்ந்து நின்றது. அண்ணி முட்டியை மடக்கி, சிலிண்டரைக் காலிடுக்கில் பிடித்துக்கொண்டு, அதில் குந்தினார்.

ராயபுரத்தில் என் அம்மா வீட்டுக்குப் போய்ச் சேரும்போது பொழுது சாய்ந்திருந்தது. அண்ணி அத்தையை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு போய்க் கட்டிலில் விட்டார். நாங்கள் ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்தோம். அப்போது இவருடைய போன் அடித்தது. ஷோரூம் பையன். எங்கள் வீட்டு வாசலுக்குப் போய்ப் பார்த்து, வண்டியைக் காணோமே என்று பயந்துபோயிருந்தான். இவர் விஷயத்தைச் சொன்னார். அவனுக்கு உயிர் வந்தது.

"வண்டி பத்திரமா இருக்கில்ல சார், அது போதும். காலைல வந்து எடுத்துக்கறேன்" என்றவன், வேலைப் பழக்கத்தில் அதையும் கேட்டுவிட்டான். "எப்படி சார் வண்டி? ஃபேமிலிக்கு எடம் எல்லாம் போதுமா?"

போன் சத்தமாக இருந்ததால் எல்லோருக்கும் கேட்டது. இவர் என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன். கட்டிலோரம் உட்கார்ந்திருந்த அண்ணி கையை நீட்டிப் போனை வாங்கிக்கொண்டார். அவர் குரலில் கோபம் துளியும் இல்லை. கடையில் மீனுக்கு விலை சொல்கிறவர் போலத்தான் சொன்னார்.

"நல்லாத்தான் கீது தம்பி. நான் ஒருத்தி இல்லன்னா, எல்லாருக்கும் போதும்."