அடித்துண்டை எடுத்துக்கொண்டவர்

ரெக்ஸ்டேலில் உயிருள்ள பவளம் விற்கும் ஒரு கடை இருக்கிறது. அன்று நான் உள்ளே போனபோது கடைக்காரர் குகன் அண்ணை, ஒரு தொட்டியின் கண்ணாடியில் ஒட்டியிருந்த காகித நாடாவை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தார். நாடாவில் 'பிலோ' என்று எழுதியிருந்தது; பிலோ அக்கா மருத்துவமனைக்குப் போகுமுன் ஒட்டியது.

"என்ன அண்ணை, அக்கா இது வேண்டாமெண்டிட்டாவோ?"

"அக்கா போயிட்டா, பிள்ளை. விடியக் காலமை. அன்ரன் அண்ணை இப்பதான் போன் எடுத்துச் சொன்னவர்."

அவர் சுரண்டுவதை நிறுத்தவில்லை. நாடா துண்டு துண்டாகத்தான் வந்தது. அதன் பின்னால், நீல வெளிச்சத்தில், ஒரு பச்சைப் பவளம். என் மனதில் முதலில் வந்தது துக்கம் அல்ல. அந்தப் பவளம் இனி யாருடையதும் அல்ல என்ற எண்ணம்.

"உமக்கு வேணுமோ?" என்று கேட்டார்.

"ரெண்டு கிழமை கழிச்சுச் சொல்லுறன்" என்றேன். அது பிலோ அக்காவின் பதில். என் வாயில் எப்படி வந்தது என்று தெரியவில்லை.

அக்காவின் கணவர் அன்ரன் அண்ணைதான் இந்த நினைவுக் குறிப்பை எழுதச் சொன்னார். "நீர் படிச்ச பிள்ளை. நல்லதா நாலு சொல்லு எழுதும்." நல்லதாக எழுத முயன்றேன். வந்த சொற்கள் எல்லாம் பொறாமையாகவே வந்தன. எனக்கும் அக்காவுக்கும் இடையில் உண்மையாக இருந்தது அதுதான். ஆகவே அதையே எழுதுகிறேன்.

அறியாதவர்களுக்காக: பிலோமினா அக்கா மன்னாரில் பிறந்தவர். மருத்துவமனையில் எக்ஸ்றே எடுக்கும் வேலை. பிக்கரிங்கில் வீடு. வரவேற்பறையில், மாதா படத்துக்குக் கீழே, சுவரின் நீளத்துக்கு ஓர் உப்புநீர்த் தொட்டி. அதற்குள் உயிருள்ள பவளங்கள். பார்ப்பவர்கள் கல் என்பார்கள். கல் அல்ல. வெள்ளை எலும்பின் மேல் மெல்லிய தோலாகப் படர்ந்திருக்கும் உயிர். தோல் போனால் எலும்பு மட்டும் மிஞ்சும்.

பவளம் வாங்க அவருக்கென்று ஒரு முறை இருந்தது. வந்திறங்கிய அன்று எதையும் வாங்க மாட்டார். பிடித்ததற்கு முன்னால் தன் பெயரை ஒட்டிவிட்டுப் போய்விடுவார். இரண்டு கிழமை கழித்து வருவார். அதற்குள் செத்தால் கடையில் சாகட்டும், வீட்டுக்கு வந்து மற்றவற்றையும் கொல்ல வேண்டாம் என்பது கணக்கு. அவருக்கு மட்டும் குகன் அண்ணை இதற்கு உடன்பட்டார். அதுவே எனக்கு முதல் எரிச்சல்.

முதன்முதலில் அவரைப் பார்த்ததும் அப்படி ஒரு நாடாவினால்தான். ஒரு சிறு கிளை. பழுப்பு நிறம். சுற்றி எல்லாம் மின்னும்போது இது மட்டும் காய்ந்த குச்சிபோல இருந்தது. யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். ஆனால் முன்னால் ஒரு பெயர் ஒட்டியிருந்தது. உடனே எனக்கு அது வேண்டும்போல இருந்தது. வேறு காரணம் இல்லை.

அவர் வந்தார். மருத்துவமனை உடுப்பு, மேலே கனத்த குளிர்மேலங்கி, கையில் ஒரு ரோச் லைற்.

"குகன், முதல்ல உந்த டிஸ்கோவை நிப்பாட்டும்."

நீல விளக்கு அணைந்தது. மின்னிக்கொண்டிருந்த பவளங்களில் பாதி சட்டென்று சாதாரணமாகிவிட்டன. கடைக்காரருக்கு அந்த விளக்கு உதவி. அக்கா அதை ஒருபோதும் நம்பியதில்லை. வெள்ளை வெளிச்சத்தைக் கிளையின் நுனியில் அல்ல, அடியில் பிடித்தார். தோல் அடிவரை இறங்கியிருக்கிறதா. ஒட்டியிருக்கும் கல்லின் மேலும் படரத் தொடங்கிவிட்டதா. ஓரத்தில் வெள்ளைக் கோடு ஏதும் உண்டா. ஏதாவது கடித்த தடம் உண்டா.

"மேலால பாத்தா எல்லாரும் வடிவுதான். நான் எலும்பைப் பாத்துத்தான் ஆக்களையே நம்புறன்" என்றார், யாரையும் பார்க்காமல்.

பிறகு என்னைப் பார்த்தார். நான் நகராமல் நின்றிருந்தேன்.

"உமக்கும் உதுதான் வேணுமோ?"

"ஓம்."

"ஏன்?"

நான் நாடாவைப் பார்த்தேன். அக்கா சிரித்தார். குகன் அண்ணையிடம் வெட்டுக்குறடு வாங்கிக் கிளையை இரண்டாக நறுக்கினார்.

"எது வேணும், எடும்."

நான் மேல்துண்டை எடுத்தேன். நீளமானது, கிளை விட்டது. அவருக்கு மிஞ்சியது அடித்துண்டு. கட்டைவிரல் அளவு.

"ஒரு நிபந்தனை இருக்கு" என்றார். "என்ர செத்தா நீர் எனக்கு வெட்டித் தரவேணும். உம்மட செத்தா நான் தருவன். இல்லையெண்டு சொல்லப்படாது."

பவளம் வளர்ப்பவர்களிடையே உள்ள வழக்கம் அது. ஒரே உயிர் இரண்டு வீட்டில் இருக்கும். ஒன்று போனாலும் மற்றது இருக்கும்.

ஒரு வருடத்தில் அவருடைய அடித்துண்டு கை விரித்ததுபோலக் கிளை விட்டது. நிறம் மாறியது. ஊதா. நுனிகளில் அதைவிட ஆழ்ந்த ஊதா. என்னுடையது சாகவில்லை, வளரவும் செய்தது. பழுப்பாகவே வளர்ந்தது.

அவர் நல்ல பாதியை வைத்துக்கொண்டார் என்று சொல்ல வழியில்லை. தெரிந்தெடுத்தது நான். வேறு இனம் என்றும் சொல்ல முடியாது. ஒரே உயிர். பொறாமைக்கு ஒதுங்க ஓர் இடம்கூட அவர் விட்டுவைக்கவில்லை.

ஒரு முறை அம்மாவையும் கூட்டிக்கொண்டு பிக்கரிங் போனேன். திரும்பும் வழியெல்லாம் அம்மா அதையே சொல்லிக்கொண்டு வந்தார். "அவவின்ர தொட்டியைப் பாத்தனியே? திருவிழா மாதிரி. உன்ரயைப் பாத்தா ஊறப்போட்ட சட்டி மாதிரி."

அன்று அக்காவிடம் நேரடியாகவே கேட்டிருந்தேன். என்ன போடுகிறீர்கள்? என்ன விளக்கு? அவர் எதையும் மறைக்கவில்லை. அதுவும் எரிச்சலாக இருந்தது. எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, கடைசியில், "நீர் கிழமைக்கு ஒருக்கா அதை இடம் மாத்திறீர் என்ன?" என்றார்.

"வெளிச்சம் சரியா விழேல்லையெண்டு..."

"அது இப்பதான் இருந்து பழகுது. நீர் அதுக்குள்ள எழுப்புறீர். கையை வெளியில எடும், பிள்ளை."

அன்ரன் அண்ணை சோபாவிலிருந்து, "அது கல்லு. அதை எங்க வைச்சாலும் கல்லுதான்" என்றார்.

"இஞ்ச ஒராள் இருபது வருசமா சோபாவில இருக்கிறார். நான் இடம் மாத்தினனானே? வடிவாத்தானே இருக்கிறார்?"

அம்மா தேநீர் புரையேறச் சிரித்தார். நான் ஊதாவையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

நோய் வந்தது. மருத்துவமனை. எக்ஸ்றே எடுத்தவர் எடுக்கப்படும் மேசையில் படுத்தார். இடையில் ஒருமுறை, வீட்டுக்கு விடுகிறோம் என்றார்கள். அன்ரன் அண்ணை வீட்டைக் கழுவித் துடைத்தார். அக்கா வந்து பார்க்கும்போது தொட்டி பளிச்சென்று இருக்க வேண்டுமே என்று, கண்ணாடி துடைக்கும் மருந்தை அதன் மேலும் அடித்தார். நன்றாக அடித்தார். மேலே திறந்திருந்த தண்ணீருக்குள்ளும் விழுந்தது.

இரண்டு நாளில் ஊதா உரிந்து போனது. வெள்ளை எலும்பு. பிலோ அக்கா வீடு திரும்பவுமில்லை.

செத்த வீட்டுக்கு வந்தவர்கள் போன பிறகு அன்ரன் அண்ணை என்னைத் தொட்டியருகே கூட்டிக்கொண்டு போய் இதைச் சொன்னார். குரலைத் தாழ்த்தி, அக்காவுக்குக் கேட்டுவிடும் என்பதுபோல.

"கடைசியாவும் கேட்டவ. அது எப்பிடி இருக்கெண்டு. வடிவா இருக்கெண்டு சொன்னன்." கண்ணாடியைத் தொடப் போனவர் கையை இழுத்துக்கொண்டார். "அவவுக்கு நான் சொன்ன கடைசிச் சொல்லு பொய்யா நிக்குது. உம்மட்ட அதின்ர பாதி இருக்கெண்டு சொல்லுவா. ஒரு துண்டு தருவீரே?"

நான் உடனே ஓம் என்று சொல்லவில்லை. முதல் தடவையாக, அக்காவிடம் இல்லாத ஒன்று என்னிடம் இருந்தது. பழுப்பானாலும் எனக்கு மட்டும். அந்தச் சில நொடிகளை நான் அனுபவித்தேன். பிறகு, "இல்லையெண்டு சொல்லப்படாது" என்ற குரல் நினைவுக்கு வந்தது.

"கொண்டு வாறன், அண்ணை."

குகன் அண்ணை வந்து அக்கா வீட்டுத் தொட்டியின் தண்ணீரை முழுக்க மாற்றினார். தண்ணீர் தெளிந்து சீரான பிறகு நான் வெட்டினேன். எந்தத் துண்டைக் கொடுப்பது என்று நெடுநேரம் பார்த்தேன். கடைசியில் அடியை வெட்டினேன். சூப் வாங்கிய பிளாஸ்ரிக் டப்பாவில் உப்புநீர், அதற்குள் துண்டு. வெளியே பனி. நான் இருக்கும் வெக்ஸ்போர்டிலிருந்து பஸ், பிறகு ரயில். குளிரில் செத்துவிடாமல் டப்பாவை மேலங்கிக்குள் வயிற்றோடு அணைத்துக்கொண்டு போனேன். அதை அவ்வளவு நேரம் அசைக்காமல் வைத்திருந்தது அன்றுதான்.

பழைய எலும்பு இருந்த இடத்திலேயே வைத்தேன். அன்ரன் அண்ணை வாசலில் நின்றே பார்த்தார்.

"நான் இனிக் கிட்டவும் வரமாட்டன். சாப்பாடு, உப்பு எல்லாம் குகன் வந்து பாக்கட்டும்."

இன்று காலை தொலைபேசியில் அழைத்தார்.

"பிள்ளை, நுனியில ஒரு மாதிரி ஊதாவாத் தெரியுது. மூக்குக் கண்ணாடியைக் கழட்டிப்போட்டும் பாத்தன், போட்டும் பாத்தன். எனக்குத்தான் அப்பிடித் தெரியுதோ?"

"படம் எடுத்து அனுப்புங்கோ."

வந்தது. நான் வெகுநேரம் பார்த்தேன்.

"உங்களுக்கு மட்டுமில்லை, அண்ணை. எனக்கும் தெரியுது."

"அப்ப பொய்யில்லை என்ன?" என்றார்.

"பொய்யில்லை."

"நான் இப்ப என்ன செய்யோணும்?"

"ஒண்டும் செய்யாதேங்கோ. கையை வெளியிலயே வைச்சிருங்கோ."

தொலைபேசியை வைத்துவிட்டு என் தொட்டிக்கு முன்னால் போய் நின்றேன். பழுப்பு. கொஞ்சம் இடப்பக்கம் தள்ளி வைத்தால் வெளிச்சம் நன்றாக விழும் என்று தோன்றியது. கை தன்பாட்டில் தண்ணீரை நோக்கிப் போனது. கையை இழுத்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

போய் வாருங்கள், அக்கா. இப்போதும் உங்களுடையதுதான் வடிவு.