சம்பூருக்குப் போன கூரை

கூரையில் அடிக்கும் ஒவ்வோர் ஆணியும் நாமே போட்டுக்கொள்ளும் ஓட்டை என்பது என் சித்தப்பாவின் கட்சி. இந்த வயதிலும் வானம் இருண்டால் நான் அண்ணாந்து தகரத்து ஆணிகளை எண்ணத் தொடங்கிவிடுகிறேன் என்றால், அதற்கு அவர்தான் பொறுப்பு.

சித்தப்பாவுக்குத் திருகோணமலைத் துறைமுகத்துப் பட்டறையில் வேலை. வெள்ளைக்காரர் கடற்படைத் தளத்தை விட்டுப் போய்ச் சில வருடங்கள்தான் ஆகியிருந்தன. அவர்கள் விட்டுப்போன பழைய சஞ்சிகை ஒன்றில் ஒரு படம் இருந்தது. காரின் பின்னால் ஒரு சின்ன வண்டி. முன்பக்கம் உருண்டு, பின்பக்கம் ஒடுங்கி, விழப்போகும் நீர்த்துளி போல ஒரு வடிவம். உள்ளே இரண்டு பேர் படுக்கலாம். பின்மூடியைத் தூக்கினால் அடுப்பும் பாத்திரமுமாகக் குசினி. சித்தப்பா அந்தத் தாளைக் கிழித்து மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிந்தார்.

அதற்கு ஒரு தேவையும் வந்தது. சின்னம்மாவின் ஒரே தம்பிக்குச் சம்பூரில் கலியாணம் பேசி முடிந்தது. தாய் தகப்பன் இல்லாத இருவரையும் வளர்த்த பெரியம்மாவின் வீட்டில்தான் எல்லாம். முகூர்த்தம் விடியப்புறம், ஆகவே முதல்நாளே போய்த் தங்க வேண்டும். கலியாண வீட்டில் பெண்களெல்லாரும் நடுவீட்டில் பாய் விரித்து வரிசையாகப் படுப்பது வழக்கம்.

"தம்பியின்ர தாலிகட்டுக்கு அக்கா நான்தான் தோழியா நிக்கோணும். போகாமல் இருக்க ஏலாது. ஆனா அந்த வீட்டுக்குள்ள நான் படுக்கமாட்டன்" என்றார் சின்னம்மா.

"ஒரு இரவுதானே பிள்ளை, கண்ணை மூடினா விடிஞ்சிடும்" என்றார் அப்பா.

சித்தப்பா பையிலிருந்து படத்தை எடுத்து மேசையில் விரித்தார்.

சின்னம்மாவுக்குக் குறட்டைச் சத்தம் ஒத்துவராது என்று நான் முடிவு செய்தேன். கலியாணமாகி ஒன்பது வருடமாகியும் அவர்களுக்குப் பிள்ளை இல்லை. எனவே அவர்கள் வீட்டுத் தோடம்பழ இனிப்பு முழுவதும் எனக்குத்தான். அந்த விஷயத்தில் எனக்கிருந்த அறிவு அவ்வளவே.

சித்தப்பா செய்யத் தொடங்கிய வண்டியின் உடம்பு தேயிலைப் பெட்டிப் பலகையால் ஆனது. கதவைத் திறந்தால் தேத்தண்ணி வாசம் வந்தது. உடம்பு செய்து முடிக்க ஒரு மாதம் என்றால், அதன்மேல் எதைப் போடுவது என்று கதைத்து முடிக்க இரண்டு மாதம். மார்கழி மழை விடவில்லை; கலியாணமோ தையில். சின்னம்மா ஒரு நிபந்தனைதான் வைத்திருந்தார். "படுக்கை நனைஞ்சு எனக்கு இழுப்பு வந்தா, பிறகு வீட்டுக்குள்ளதான் தூக்கிக்கொண்டு போவினம். ஒழுகுமெண்டா இப்பவே சொல்லிப்போடுங்கோ, நான் வரேல்லை."

அரசாங்கக் கச்சேரியில் எழுதுவினைஞராக இருந்த அப்பாவுக்குக் கூரைகளைப் பற்றியும் திடமான அபிப்பிராயம் உண்டு. "தகரம் போடு. ஊரே தகரத்துக்குக் கீழதானே கிடக்குது" என்றார்.

"தகரமெண்டா ஆணி. ஆணியெண்டா ஓட்டை. அதோட, மழை பெய்தா அவவுக்குத் தலைக்குமேல பறை அடிக்கிற மாதிரி இருக்குமெல்லே அண்ணை?"

சித்தப்பா தேயிலைப் பெட்டிக்குள் ஒட்டியிருக்கும் ஈயத்தாளை உரித்துப் பார்த்தார். நகம் பட்டாலே கிழிந்தது. தார் பூசிய கடதாசியில் ஒரு துண்டைக் கிணற்றுக்கட்டில் விரித்து வெயிலுக்கு வைத்தார். மத்தியானம் அது தெரியாமல் அப்பா அதன்மேல் குந்தினார். அவர் உடுத்திருந்த சாரத்தின் பாதி தாரோடு போயிற்று. அப்பா அன்று மாலைவரை தாரின் குணங்களைப் பற்றியே பேசினார்.

கடைசியில் தேறியது படங்கு. லொறிகளை மூடும் அதே தடித்த துணி. பலகையில் கெட்டியாக எண்ணெய்ப் பெயின்ற் பூசி, அது காயுமுன் படங்கை இழுத்து ஒட்டி, மேலே மறுபடியும் மூன்று பூச்சு. வள்ளங்களின் மேல்தட்டை அப்படித்தான் மூடுவார்கள் என்று சித்தப்பா பட்டறையில் கண்டிருந்தார். ஓரங்களில் மட்டும் சட்டம் வைத்து ஆணி. மொத்தம் நூற்றுப் பதினான்கு. நான்தான் எண்ணினேன்.

கடையில் கிடைத்த படங்கு அகலம் போதாது. மூன்று துண்டாகத்தான் போட முடிந்தது. துண்டின்மேல் துண்டு எப்படி ஏற வேண்டும் என்ற கேள்விக்கு அப்பா உடனே பதில் வைத்திருந்தார்.

"கிடுகு வேய்ஞ்சதில்லையோ நீ? கீழ இருந்து தொடங்கு. மேல் வரிசை கீழ் வரிசையின்ர தலையை மூடோணும்."

எங்கள் பக்கத்தில் தென்னோலைக் கிடுகு வேயத் தெரியாத ஆண்பிள்ளை கிடையாது. சித்தப்பா தலையாட்டினார். முன்பக்கத்துக்கு ஒரு துண்டு, பின்பக்கத்துக்கு ஒரு துண்டு, இரண்டின் தலையையும் மூடி முகட்டின்மேல் மூன்றாவது.

காய்ந்ததும் சோதனை. என்னை உள்ளே படுக்கவைத்துக் கதவைச் சாத்தினார்கள். சித்தப்பா கிணற்றில் அள்ளிக் கொடுக்க, அப்பா கதிரையில் ஏறி நின்று ஊற்றினார். அறுபது வாளி. ஒரு சொட்டு இல்லை. பிறகு சின்னம்மா வந்து மூலை மூலையாகத் தடவிப் பார்த்தார். "சரி" என்றார். சித்தப்பா ஈரச் சாரத்தோடு நின்று சிரித்தார்.

சம்பூர் ஒன்றும் தூரதேசம் அல்ல. வானம் தெளிந்த நாளில் குடாவின் எதிர்க்கரை எங்கள் கண்ணுக்கே தெரியும். தரைவழியாகப் போனால்தான் சுற்று. கடனாக வாங்கிய பழைய காரில் பெரியவர்கள் நாலு பேரும் பலகாரப் பெட்டிகளும் ஏற, எனக்கு இடமில்லை. படுக்கையோடு நானும் பின்வண்டியில் போடப்பட்டேன்.

சீனக்குடா தாண்டியதும் மழை பிடித்தது. சற்று நேரத்தில் என் மூக்கில் ஒரு சொட்டு விழுந்தது. முன்பலகையில் தட்டினேன். கார் நின்றது. சித்தப்பா ஓடிவந்து கதவைத் திறந்து பார்த்தார். மழை கொட்டியது, கூரை ஒழுகவில்லை. மறுபடி ஓடியதும் மறுபடி சொட்டு. தட்டினேன். நின்றது. ஒழுகவில்லை.

"நீ உள்ளுக்கிருந்து ஒண்டுக்குப் போயிட்டு மழையிலயோ பழி போடுறாய்?" என்றார் அப்பா. நான் அழுதேன்.

மூன்றாம் முறை சின்னம்மா காரை விட்டு இறங்கினார். அம்மா தடுத்தும் கேளாமல் என் பக்கத்தில் வந்து படுத்துக்கொண்டு, "இனி விடுங்கோ" என்றார். வண்டி வேகமெடுத்ததும் அவருடைய நெற்றியில் சொட்டு விழுந்தது. அவர் அதைத் துடைக்கவில்லை. சொட்டு வந்த இடத்தையே பார்த்துக்கொண்டு கிடந்தார். அது முன்பக்கத்து ஒட்டுக்கு நேர் கீழே.

கிண்ணியாவில் ஆற்றைக் கடக்க வாகனங்களை மிதவையில் ஏற்றுவார்கள். அதற்குப் பாதை என்று பெயர். எங்கள் முறைக்காக நின்றபோது சின்னம்மா இறங்கி வந்தார்.

"கிடுகு வீடு நிண்ட இடத்தில நிக்கும். இது ஓடுது. காத்து முன்னாலயிருந்து தண்ணியை மேலுக்குத் தள்ளி ஒட்டுக்குள்ள விடுது."

சித்தப்பா கூரையைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார். அப்பா ஆற்றைப் பார்த்தார். இருவரும் சேர்ந்து அறுபது வாளி ஊற்றிய புத்தியில், வண்டி ஓடப்போகிறது என்பது ஒருவருக்கும் தோன்றவில்லை.

சித்தப்பாவின் முகம் செத்துப்போயிற்று. "திரும்புவமே?" என்று மெதுவாகக் கேட்டார்.

"திரும்பினா தம்பிக்கு ஆர் தோழி நிக்கிறது?" சின்னம்மா வண்டியின் பின்மூடியைத் தட்டினார். "குசினிக்கு மேல கட்டக் கொண்டுவந்த பெரிய படங்கு எங்க?"

"அதை எடுத்தா அடுப்பு நனையும்."

"நனையட்டும். கடையில பாண் வாங்கித் திண்டிட்டுக் கிடப்பம்."

அது வெட்டாத முழுத் துண்டு. அதன் முன்விளிம்பை வண்டியின் அடிப்பலகைக்குக் கீழே கொடுத்து அடித்து, முகட்டைத் தாண்டி வால்வரை இழுத்துக் கயிற்றால் இறுக்கினார்கள். காற்று நுழைய முன்பக்கத்தில் ஒரு விளிம்பும் இல்லை. பாதை இழுக்கும் கிண்ணியாக்காரர்களும் ஒரு கை கொடுத்தார்கள்.

"முட்டைக்குச் சில்லுப் பூட்டி வந்தாங்க, இப்ப தொப்பியும் போட்டாச்சு!" என்றார் ஒருவர்.

"குஞ்சு பொரிச்சா எங்களுக்கும் ஒண்டு தாங்க அண்ணே!" என்றார் மற்றவர். எல்லாரும் சிரித்தார்கள். சின்னம்மா மட்டும் கயிற்றின் முடிச்சை இன்னொரு முறை இழுத்துப் பார்த்தார்.

மீதி வழி முழுவதும் சின்னம்மா என்னோடுதான் இருந்தார். வண்டி நின்ற இடமெல்லாம் சித்தப்பா மழையில் இறங்கி வந்து, "எப்பிடி?" என்று பலகைக்கு வெளியே நின்று கேட்டார். "காய்ஞ்சுதான் கிடக்கு" என்று உள்ளிருந்து பதில் போயிற்று. மூன்றாவது பதிலில் சின்னம்மாவின் குரலில் சிரிப்பு இருந்தது. சம்பூர்வரை ஒரு சொட்டு விழவில்லை.

அன்றிரவு முழுவதும் மழை. விடியப்புறம் சின்னம்மா கசங்காத சேலையும் பூவுமாக வண்டியிலிருந்து இறங்கி வந்து, தம்பி தாலி கட்டும்போது மணப்பெண்ணின் பின்னால் தோழியாக நின்றார். சித்தப்பா படுக்கைக்கு அடியில் உள்ளங்கையை விட்டுத் தடவிவிட்டு, வண்டிப் படியில் சாய்ந்திருந்து, அம்மாவிடம் பெரிய கோப்பையில் தேத்தண்ணி கேட்டார். மூன்று மாதமாக அவர் தோளில் இருந்த ஏதோ இறங்கியது போல இருந்தது.

சின்னம்மாவின் பெரியம்மா சித்தப்பாவை விடவில்லை. "வீடு நிறைய இடம் கிடக்க, என்ர பிள்ளையைப் பெட்டிக்குள்ள போட்டுப் பூட்டி வைச்சிருக்கிறீர். உமக்கென்ன விசரோ, மூளை கழண்டு போச்சோ?"

"ஓம் மாமி, விசர்தான். செய்தாப் பிறகு படுத்துப் பாக்காமல் விட மனம் வரேல்லை. நான்தான் அவவைப் பிடிவாதமாப் படுக்க வைச்சனான்."

பெண்களெல்லாரும் அவரைப் பார்த்துச் சிரித்தார்கள். எனக்கு வெட்கமாக இருந்தது.

நடுவீட்டில் பாயில் படுத்திருக்கும் பெண்கள் விளக்கை அணைத்த பிறகு ஒருத்தியிடம் என்னென்ன கேட்பார்கள், எந்த வைத்தியரை, எந்தக் கோயிலைச் சொல்வார்கள் என்பதெல்லாம், பிள்ளைக்காகக் காத்திருந்த வருடங்களில் என் மனைவி ஒரு கலியாண வீட்டிலிருந்து வீங்கிய கண்ணோடு வந்தபோதுதான் எனக்குத் தெரிந்தது.

அன்று அதெல்லாம் தெரியாது. சித்தப்பா உண்மையிலேயே விசரர் என்று நம்பினேன். சின்னம்மா பந்தி முடியும்வரை, யார் முகத்தைப் பார்த்தாலும் சிரித்துக்கொண்டே திரிந்தார். மழைக்குத் தப்பிய சந்தோஷம் என்று நினைத்தேன்.