அண்ணனிடம் கேட்டு வாங்கிய பெயர்

அண்ணனைப் பற்றி நல்லதாக நாலு வரி எழுதச் சொல்லி அண்ணி இந்த நினைவு மலரில் ஒரு பக்கத்தை எனக்கு ஒதுக்கினார். நல்லதும் எழுதுகிறேன், என் வயிற்றெரிச்சலையும் எழுதுகிறேன். அண்ணனுக்கு அது தெரியாததல்ல.

அண்ணன் சித்தூரில், எங்கள் சபையை ஒட்டிய வீட்டில் பிறந்தார். எங்கள் கொள்ளுத்தாத்தா புதுச்சேரியில் போமோன் என்ற பிரெஞ்சுத் துரைக்குச் சமைத்தவர். ஞானஸ்நானத்தின்போது துரையின் குடும்பப் பெயரையும் வாங்கிக்கொண்டார். அன்றுமுதல் அந்தப் பெயர் மூத்த பிள்ளைக்கு மட்டும். அண்ணனுக்குப் போமோன் கிடைத்தது, எனக்கு எஸ்தர் மட்டும். எங்கள் தெருவிலேயே எத்தனையோ எஸ்தர்கள்.

எங்கள் அப்பாவை நைனா என்போம். நைனா இறந்ததும் அண்ணன் படிப்பை விட்டு மாம்பழக்கூழ் ஃபேக்டரிக்குப் போனார். சீசனில் அவர் சட்டையைத் துவைத்தாலும் மாம்பழ வாசனை போகாது. அந்த உழைப்பில்தான் நான் படித்துத் திருப்பதியில் டீச்சர் ஆனேன். அதற்கும், "போமோன் சார் தங்கச்சின்னா சும்மாவா?" என்றார்கள். பரீட்சை எழுதியது நான். எரியாதா?

ரிட்டயர் ஆனபின் அண்ணன் செல்போனில் அந்தப் பெயரைத் துருவினார். போமோன் என்றால் அழகிய மலையாம். பிரான்சில் அப்படிப் பல ஊர்கள் உண்டாம், ஊர்ப்பெயரே குடும்பப் பெயர் ஆனதாம். அந்தப் பெயரில் ஒரு பேராயர், பாறைகளை ஆராய்ந்த ஓர் அறிஞர், குழந்தைகளுக்குக் கதை எழுதிய ஓர் அம்மையார் இருந்ததாகப் பெருமையாக வாசித்தார். நான் விடவில்லை.

"பாருண்ணா, பொம்பளைக்கும் இருக்குது அந்தப் பேரு."

"அது அவங்க ஊட்டுக்காரரு பேரும்மா."

எனக்குக் கல்யாணத்தில் கிடைத்தது ஒரே ஒரு இனிஷியல்.

அண்ணனுக்குப் பிள்ளைகள் இல்லை. வேலூர் ஆஸ்பத்திரியில் அவர் படுத்திருந்தபோது வெட்கத்தை விட்டுக் கேட்டேன்.

"அண்ணா, அந்தப் பேர எனக்குக் குடு."

"இன்னாத்துக்கு?"

"கையெழுத்துப் போட."

சிரித்தார். இருமல் வந்தது. தண்ணீர் கொடுத்தேன்.

"போட்டுக்கோ. நான் போன அப்பறம்," என்றார்.

அண்ணனைப் பிள்ளைபோல் பார்த்துக்கொண்ட நர்ஸம்மாவுக்கும், பெட்டியைத் தோளில் சுமந்த சபை வாலிபர்களுக்கும், வேலையை நிறுத்திவிட்டு வந்த ஃபேக்டரித் தோழர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. அடக்கத்தன்றும் எல்லோரும், "நீங்க போமோன் சார் தங்கச்சியா?" என்றுதான் கேட்டார்கள். அன்றும் எனக்குக் கொஞ்சம் எரிந்தது.

எவ்வளவோ ஆசைப்பட்ட பெயர். இன்றுதான் முதன்முதலாகப் போடுகிறேன். கை வரமாட்டேன் என்கிறது.

தங்கை,
எஸ்தர் போமோன்
திருப்பதி