டிரெய்லரில் வராத காட்சி

"...தூங்கறதுகூடப் பரவாயில்லண்ணா, குறட்டை வேற விடறாரு!"

என் வலது காதில் கோமதி இப்படிச் சொன்னபோது, திரையில் பெருங்களத்தூர் மேம்பாலத்தைவிட உயரமான ஒரு ரோபோ, ஓடுகிற ரயிலைப் பிடித்துச் சாட்டை மாதிரி சுழற்றிக்கொண்டிருந்தது. சீட்டெல்லாம் அதிர்கிறது. அத்தனை சத்தத்துக்கு நடுவில் ஒரு மனிதனின் குறட்டை கேட்குமா? கேட்கும். கேட்பவர் பெண்ணைப் பெற்றவராக இருந்தால்!

கோமதி எங்கள் அபார்ட்மென்ட்டில் கீழ்வீடு. குறட்டைக்குச் சொந்தக்காரர் பிரசன்னா. கோமதியின் மகள் நந்தினியைப் பெண் பார்க்க வந்தவர். ஆமாம், பெண் பார்க்கத்தான் வந்திருந்தோம் – குரோம்பேட்டையில் ஒரு தியேட்டருக்கு!

ஏற்பாடு நந்தினியுடையது. சேலையூரில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். பஜ்ஜி சொஜ்ஜி சாப்பிட்டுப் போன வரன்கள் பல. கடைசியாக வந்தவர், "நீங்க வேலைக்குப் போறது எனக்குப் பெருமை" என்று சொல்லிவிட்டு, நிச்சயதார்த்தத்துக்கு நாள் பார்த்த பிறகு, "எப்ப வேலையை விடப் போறீங்க?" என்று கேட்டார். அதோடு நந்தினிக்கு வெறுத்துவிட்டது.

"வீட்டுக்கு வந்தா எல்லாரும் நடிக்கிறாங்க அங்கிள். நாங்களும் சளைக்காம நடிக்கிறோம். தியேட்டர்னா அந்த வேலைக்குத் தனியா ஆள் இருக்கு" என்றாள் என்னிடம். படமும் அவள் செலக்‌ஷன். இந்தக் கோடைக்கு வந்திருக்கும் ரோபோ சண்டைப் படம்... அவளுக்கு அதெல்லாம் உயிர். அம்மாவுக்கு மட்டும் ஒரு கெடு வைத்திருந்தாள்: "இதுதாம்மா கடைசி. இதுவும் சரிவரலைன்னா, இனிமே கல்யாணப் பேச்சையே எடுக்கக் கூடாது."

பாவம் கோமதி! அன்று காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படவில்லை.

எனக்கு என்ன வேலை? இரண்டு வீட்டுக்கும் தெரிந்தவன். அந்தப் பாவத்துக்கு, இரண்டு அம்மாக்களுக்கும் நடுவில் உட்கார வைத்துவிட்டார்கள். வலப்பக்கம் கோமதி. இடப்பக்கம் கூடுவாஞ்சேரியிலிருந்து வந்திருந்த பிரசன்னாவின் அம்மா சரோஜா. எங்களுக்கு முன்வரிசையில் அந்த இருவரும். பார்வையாளர்களுக்கு இரண்டு திரை!

படத்துக்கு முன் டிரெய்லர்கள். ஒன்று முடிந்தால் ஒன்று... நம்ம ஜி.எஸ்.டி. ரோட்டு பஸ் மாதிரி வரிசையாக வருகின்றன. ஒரு டிரெய்லரில் ஹீரோவுக்குக் காதல் வந்து, காதலி காணாமல் போய், வில்லன் மலையிலிருந்து விழுந்தே விட்டான்.

"அதான் வில்லன் செத்துட்டானே... அப்புறம் டிக்கெட் வாங்கிட்டு எதுக்கு சார் வரணும்?" என்றார் சரோஜா. எவ்வளவு நியாயமான கேள்வி!

ஆனால் அவரே என் இடது காதில் இன்னொரு டிரெய்லர் ஓட்டிக்கொண்டிருந்தார். "எம்புள்ளைக்குச் சோம்பேறித்தனம்னா என்னன்னே தெரியாது சார். விடியக்காலையிலயே எழுந்துடுவான். பகல்ல கண்ணை மூடிப் பார்த்ததில்ல!" திரையில் 'விரைவில்' என்று போட்டார்கள். "ஆடி போனா ஆவணி... சட்டுனு முடிச்சிடலாம் சார்" என்றார் இவர்.

ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்ணச் சொன்னார்களே... அந்த ஆயிரத்தில் கால்வாசியாவது அன்று என் இடது காதுக்குள் போயிருக்கும். குறை சொல்லவில்லை. பெண் பார்ப்பதே ஒரு டிரெய்லர்தானே? நல்ல ஷாட்டை எல்லாம் பொறுக்கி எடுத்து, மியூசிக் போட்டு... முழுப் படம் தாலி கட்டிய பிறகுதான் ரிலீஸ்.

முன்வரிசையில் பிரசன்னா குனிந்து ஏதோ சொல்ல, நந்தினி சிரித்தாள். கோமதி சந்தோஷத்தில் என் கையைக் கிள்ளினார். இன்னும் சிவப்பு போகவில்லை.

படம் ஆரம்பித்தது. லாரி எழுந்து நின்று ரோபோ ஆனது. கிரேன் ரோபோ ஆனது. நகரம் நொறுங்கியது. இந்த ரோபோக்களுக்கு எப்போதும் வெளிநாட்டு ஊர்கள்தான் கிடைக்கின்றன, கவனித்திருக்கிறீர்களா? தைரியம் இருந்தால் வெள்ளிக்கிழமை பல்லாவரம் பழைய சாமான் சந்தைக்கு வரட்டுமே! கால் வைக்க இடம் கிடைக்காது. அடுத்த வெள்ளிக்கிழமை அவற்றின் கை, கால், நட்டு, போல்ட்டு எல்லாம் தார்ப்பாய் விரித்து விற்பனைக்கு வந்திருக்கும்.

நான் இப்படி ரசித்துக்கொண்டிருந்தபோதுதான் அந்தக் குறட்டை.

இடைவேளை. விளக்கு போட்டார்கள். பிரசன்னா வாயைத் திறந்தபடி, தலை ஒரு பக்கம் சாய்ந்து... அமோகமான தூக்கம்! சரோஜாவுக்கு முகம் வெளிறிவிட்டது. "டேய்... டேய்!" என்று எக்கி, மகனின் தோளைப் பிடிக்கப் போனார்.

கோமதி என் பக்கம் திரும்பி, "முடிஞ்சதுண்ணா. எல்லாம் முடிஞ்சது" என்றார். கண்ணில் நீர் முட்டி நின்றது.

"எழுப்பாதீங்க ஆன்ட்டி" என்று சரோஜாவின் கையைத் தடுத்தாள் நந்தினி. "ஏர்போர்ட் கார்கோவுல நைட் டூட்டியாம். காலையிலதான் முடிஞ்சிதாம். டிரெய்லர் ஓடும்போதே சொல்லிட்டாரு – 'படம் ஆரம்பிச்சா நான் கண்டிப்பா தூங்கிடுவேங்க. குறட்டை வேற விடுவேன். தொந்தரவா இருந்தா தட்டி விடுங்க'ன்னு."

சரோஜா தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீ தட்டி விட்டியாடி?" என்றார் கோமதி.

"எதுக்கும்மா? இதுவரைக்கும் வந்தவங்கள்ல, தன்னோட குறையை முதல்லயே சொன்ன ஆளு இவர்தான்."

"அதனால...?"

நந்தினி பாப்கார்னை இரண்டு வாய் மென்றாள். அதற்குள் எங்கள் மூன்று பேருக்கும் பி.பி. ஏறி இறங்கியது.

"ஞாயித்துக்கிழமை அவருக்கு லீவாம். இதே படத்தை முழிச்சிருந்து பாக்கறேன்னு சொல்லியிருக்காரு. நானும் வர்றேன்னுட்டேன்." பிறகு எங்கள் வரிசையை ஒரு பார்வை பார்த்தாள். "நாங்க ரெண்டு பேர் மட்டும். நீங்க யாரும் வர வேணாம்."

கோமதி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். என்னையும் தாண்டி சரோஜாவின் கையைப் பிடித்துக்கொண்டார். என் மடியில் இருந்த பப்ஸ் அந்தச் சம்பந்தத்தில் நசுங்கியது.

விளக்கு அணைந்தது. ரோபோக்கள் இரண்டாம் சுற்றுக்கு வந்தன. பின்வரிசையில் ஒரு கல்லூரிக் கூட்டம், "மச்சான், இன்னாமா தூக்கினு போவுது பார்றா!" என்று கத்தி, விசிலடித்தது. திரையில் ஒரு நகரமே வெடித்துச் சிதறிக்கொண்டிருந்தது.

கோமதி படாரென்று பின்னால் திரும்பினார். உதட்டில் விரலை வைத்தார்.

"தம்பிங்களா... கொஞ்சம் மெதுவாப்பா. எங்க மாப்பிள்ளை தூங்கறாரு!"